ஜெர்மனியில் கார் வாங்குவது: சொந்தம் வேறு, பதிவு வேறு

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம்மவர்கள் கார் பேச்சை எடுத்தால் மூன்று விஷயங்கள் தவறாமல் காதில் விழும். "பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வந்தபிறகுதான் கார் வாங்க முடியும்." "ஜெர்மன் லைசென்ஸ் இல்லாமல் வண்டியை நம் பெயருக்கு மாற்ற மாட்டார்கள்." "பிரீஃப் (பதிவுச் சான்றிதழின் இரண்டாம் பாகம்) கைக்கு வந்துவிட்டால் கார் உன்னுடையது, அப்புறம் கவலையே இல்லை."

மூன்றுமே தப்பு. ஊரில் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ஜெர்மன் காகிதங்களைப் பார்ப்பதால் வரும் தப்பு. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ஜெர்மனியில் அப்படி இல்லை. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால், பதிவு அலுவலகம் ஏன் சிலவற்றை விடாப்பிடியாகக் கேட்கிறது, சிலவற்றைக் கேட்பதே இல்லை என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

## கரண்ட் பில்லும் வீட்டுப் பத்திரமும்

நம் ஊரில் பல வீடுகளில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். பில் அவர் பெயருக்கு வரும்; கட்டாவிட்டால் நோட்டீஸும் அவர் பெயருக்கே வரும். அதற்காக வீடு அவருடையது என்று யாரும் சொல்வதில்லை. வீடு யாருடையது என்பதைப் பத்திரம் சொல்லும். மின்வாரியத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. இந்த இணைப்புக்கு யார் பொறுப்பு என்பது தெரிந்தால் அதற்குப் போதும்.

ஜெர்மன் வாகனப் பதிவும் இந்த மின் இணைப்பு மாதிரிதான். பதிவில் ஏறும் பெயருக்கு உரியவரை ஹால்டர் என்கிறார்கள். தன் செலவில், தன் தேவைக்காக வண்டியை வைத்திருப்பவர், வண்டியை யார் எப்போது எடுக்கலாம் என்று முடிவு செய்பவர் அவர். வண்டியின் சொந்தக்காரர் வேறொருவராக இருக்கலாம். லீசிங் கார் இதற்குத் தினசரி உதாரணம்: கார் லீசிங் நிறுவனத்தின் சொத்து, ஆனால் பெரும்பாலும் பதிவு அதை ஓட்டுகிறவர் பெயரிலோ அவருடைய கம்பெனி பெயரிலோ இருக்கும்.

சரி, சொந்தம் எப்படிக் கை மாறுகிறது? ஜெர்மன் சிவில் சட்டப்படி இரண்டு விஷயம் நடந்தால் போதும். விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், பொருள் கைக்கு வர வேண்டும். அலுவலகம், முத்திரை எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போட்ட விற்பனை ஒப்பந்தம் அதற்குச் சாட்சி. பதிவுக் காகிதத்தை எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தால், இந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் வாகனத்தின் உரிமையாளராகக் காட்டப்படவில்லை என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஹால்டர் என்பது வெறும் பெயரும் இல்லை. வண்டி ஓடும்போது யாருக்காவது அடிபட்டால், ஓட்டியது வேறொருவர் என்றாலும், ஹால்டர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றாலும், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு அவருக்கும் உண்டு. வேக கேமராவில் படம் விழுந்தால் முதல் கடிதம் அவருக்குத்தான் வரும். அபராதம் ஓட்டியவருக்கு, ஆனால் யார் ஓட்டியது என்ற கேள்வி ஹால்டர் வீட்டுக்கு வரும். ஓட்டியவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், இனி ஒவ்வொரு பயணத்தையும் யார் ஓட்டியது என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாத நண்பருக்குச் சாவியைக் கொடுத்தால், ஓட்டியவரோடு ஹால்டரும் குற்றவாளி. "என் பெயரில் போட்டுக்கொள்ளலாம் மச்சான், ஒரு பிரச்சினையும் வராது" என்று தாராளமாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

இதுவரை பார்த்தது: ஒப்பந்தமும் கைமாற்றமும் சொந்தத்தைத் தீர்மானிக்கின்றன, சாலையில் வண்டிக்கு யார் பதில் சொல்வது என்பதைப் பதிவு தீர்மானிக்கிறது.

## பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கேள்வியே இல்லை

பதில் சொல்லும் ஆளைத்தான் பதிவு தேடுகிறது என்றால், அலுவலகத்துக்கு முக்கியமானது ஒன்றுதான்: அந்த ஆளுக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேருமா? அதனால்தான் குடியுரிமையைவிட முகவரி பெரிது.

ஜெர்மனியில் குடியேறியவர்கள் இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் தங்கள் முகவரியைப் பதிய வேண்டும். இதுதான் அன்மெல்டுங். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு தாளோடு போனால் முடிந்துவிடும். ஜெர்மானியர்களின் அடையாள அட்டையில் முகவரி அச்சாகியிருக்கும். நம் பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முகவரி கிடையாது. எனவே பாஸ்போர்ட்டோடு முகவரிப் பதிவுச் சான்றையும் கேட்கிறார்கள். சில அலுவலகங்கள் விசா அட்டையையும் பார்க்கும். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாறுதல் இருப்பதால், உங்கள் மாவட்ட அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் பட்டியலைத்தான் நம்ப வேண்டும்.

ஜெர்மனியில் வீடே இல்லாதவர்கூட, தன் சார்பில் அரசுக் கடிதங்களை வாங்கிக்கொள்ள உள்நாட்டில் ஒருவரை நியமித்து வண்டியைப் பதிய வழி இருக்கிறது. எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தத் தபால்பெட்டியில்தான் வந்து நிற்கிறது.

பி.ஆர். கதை எங்கிருந்து வந்திருக்கும்? என் ஊகம், வங்கிக் கடனிலிருந்து. கார் லோன் கேட்டால் வங்கிகள் பெரும்பாலும் விசா எத்தனை காலத்துக்கு என்று பார்க்கும். இரண்டு வருட விசாவுக்கு ஐந்து வருடக் கடன் கொடுக்கத் தயங்கும். அது கடன் கொடுப்பவரின் கணக்கு. பதிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## லைசென்ஸ் இல்லாமலும் ஹால்டர் ஆகலாம்

ஓட்டவே தெரியாதவர் பெயரிலும் காரைப் பதியலாம். பதிவின்போது லைசென்ஸைக் காட்டச் சொல்லி விதி இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் எந்த வருடம் லைசென்ஸ் எடுத்தீர்கள், யார் யார் ஓட்டுவார்கள் என்று கேட்பார்கள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஓட்டுவதற்கு மட்டும் விதி கறாரானது. இந்திய, இலங்கை லைசென்ஸ்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்வரை செல்லும். கூடவே மொழிபெயர்ப்பும் வைத்திருக்க வேண்டும். அதன்பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித் தேறித்தான் ஜெர்மன் லைசென்ஸ் வாங்க முடியும். சில நாட்டுக்காரர்களுக்குத் தேர்வே இல்லாமல் மாற்றித் தருவார்கள். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர ஆங்கிலம், துருக்கி, அரபி உட்பட 12 மொழிகளில் எழுதலாம். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை.

## ஷைன், பிரீஃப் என்ற இரண்டு காகிதங்கள்

ஒவ்வொரு காருக்கும் பதிவுச் சான்றிதழ் இரண்டு பாகம். முதல் பாகத்தின் பழைய பெயர் ஃபார்ட்சொய்க்ஷைன், இரண்டாம் பாகத்தின் பழைய பெயர் ஃபார்ட்சொய்க்பிரீஃப். 2005 அக்டோபரில் அதிகாரப்பூர்வப் பெயர்கள் மாறிவிட்டன. ஆனாலும் எல்லோரும் ஷைன், பிரீஃப் என்றுதான் சொல்கிறார்கள்.

ஷைன் சின்னது, மடித்து வைக்கலாம். வண்டி ஓட்டும்போது கூடவே இருக்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் காட்ட வேண்டியது இதுதான். பிரீஃப் பெரிய தாள். வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும், மறந்தும் காரில் வைக்கக் கூடாது. திருடனுக்குக் காரோடு பிரீஃபும் கிடைத்தால் அவனுக்கு விற்பது சுலபம்.

சொந்தத்தைக் காட்டாத தாளுக்கு ஏன் இத்தனை மரியாதை? வாங்குபவரைக் காப்பாற்றும் ஒரு விதிதான் காரணம். கார் உண்மையில் விற்பவருடையது இல்லை, வேறொருவர் நம்பி ஒப்படைத்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அது தெரியாமல், நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கலாம். ஆனால் பிரீஃபைக் கேட்டுப் பார்க்காமல் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவரை நல்லெண்ணத்தோடு வாங்கியவர் என்று நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. பெரிய அஜாக்கிரதை என்று சொல்லிவிடும். திருட்டுக் கார் என்றால் பிரீஃபைப் பார்த்திருந்தாலும் பிரயோஜனமில்லை, வண்டி பழைய சொந்தக்காரருக்கே திரும்பிப் போகும். கடனில் வாங்கிய காரின் பிரீஃபை வங்கி தன்னிடம் வைத்துக்கொள்வதும் இதனால்தான். அது இல்லாமல் காரை யாரும் வாங்கத் துணிய மாட்டார்கள் என்பது வங்கிக்குத் தெரியும்.

ஆக, பணம் கொடுப்பதற்கு முன் பிரீஃபைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகிறதா? இல்லையென்றால், விற்க அதிகாரம் கொடுத்த கடிதம் இருக்கிறதா? காரின் உடலில் பொறித்திருக்கும் 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் குனிந்து பார்த்து, காகிதத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இதற்கு முன் எத்தனை ஹால்டர்கள் என்ற எண்ணிக்கையும் பிரீஃபில் இருக்கும். "ஒரே ஓனர் வண்டி" என்ற பேச்சை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

## யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம்

டீலர் ஒருவர் தனிநபருக்கு விற்றால், விற்கும்போதே இருந்த குறைகளுக்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் காருக்கு அந்தக் காலத்தை ஒப்பந்தத்தில் ஒரு வருடமாகக் குறைக்கலாம், அடியோடு நீக்க முடியாது. தனிநபர் விற்றால் ஒரு வரி எழுதி முழுப் பொறுப்பையும் தட்டிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் அந்த வரி கைகொடுக்காது. டீலர் கடையில் நிற்கிற கார், விலையும் டீலர் சொன்னதுதான், ஆனால் ஒப்பந்தத்தில் விற்பவர் பெயர் யாரோ தனிநபர் என்றால், நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒப்பந்தத்துக்கு ஆடாக் என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இலவச மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது. அதுவே போதும்.

இன்னொரு விஷயம் வீட்டுக்கு ஓட்டிவருவது. பழைய பதிவோடு கார் விற்கப்பட்டால், விற்றவரின் இன்ஷூரன்ஸ் காரோடு சேர்ந்து வாங்கியவருக்குப் போகும். நீங்கள் உங்கள் பெயருக்கு மாற்றும்வரை அந்த இன்ஷூரன்ஸில்தான் ஓடுகிறது. விற்றவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் சமாச்சாரம். அதனால் பலர் பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் விற்பார்கள். ரத்தான காரைச் சாலையில் இறக்கக் கூடாது. ஐந்து நாள் மட்டும் செல்லும் தற்காலிக நம்பர் பிளேட் வாங்கி ஓட்டிவர வேண்டும்; அதன் வலது ஓரத்து மஞ்சள் பட்டையில் முடியும் தேதி அச்சாகியிருக்கும்.

## பதிவுக்கு முன் மூன்று பொறுப்புகள்

ஹால்டர் பதில் சொல்ல வேண்டிய விஷயங்கள் மூன்று: விபத்து நடந்தால் பணம் இருக்கிறதா, வண்டி ஓடத் தகுதியானதா, வரி வந்து சேருமா. மூன்றுக்கும் ஆதாரம் காட்டினால்தான் பதிவு.

முதலாவது இன்ஷூரன்ஸ். அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகையே 75 லட்சம் யூரோ. நிறுவனத்தில் விண்ணப்பித்ததும் ஏழு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு வரும். அதுதான் இ.வி.பி. எண். அலுவலகத்தில் அதைச் சொன்னால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். பலர் கவனிக்காத ஒன்று: இந்த எண் வந்துவிட்டது என்றால் கட்டாயக் காப்பீடு தற்காலிகமாகத் தொடங்குகிறது, அவ்வளவுதான். உங்கள் காருக்கே ஆகும் சேதமும் திருட்டும் முதல் நாளிலிருந்தே சேர வேண்டுமானால், அதைத் தனியாகச் சொல்லி உறுதி வாங்க வேண்டும்.

பிரீமியம் ஏன் இத்தனை அதிகம் என்று புதிதாக வந்தவர்கள் மலைப்பது எஸ்.எஃப். கிளாஸால். எத்தனை வருடம் விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஓட்டினீர்கள் என்பதைக் காட்டும் படிநிலை அது. ஊரில் பதினைந்து வருடம் கீறல் இல்லாமல் ஓட்டியவரும் இங்கே வந்ததும் பெரும்பாலும் அடிப்படியில்தான் நிற்பார். சில நிறுவனங்கள் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கடிதத்தை ஏற்று ஓரிரு படி தூக்கிவிடும். கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமும் இல்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நோ கிளெய்ம் கடிதம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தகுதிச் சோதனை. இதன் முறையான பெயர் ஹாப்ட்உண்டர்சூகுங். மக்கள் வாயில் டியூஃப். டியூஃப் என்பது சோதனை செய்யும் நிறுவனங்களில் ஒன்றுதான். டெக்ராவும் செய்கிறது, வேறு சிலவும் செய்கின்றன. புதுக் காருக்கு மூன்று வருடம் ஆனதும் முதல் சோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. தேறினால் பின்பக்க நம்பர் பிளேட்டில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நடுவில் வருடம், சுற்றிலும் 1 முதல் 12வரை மாதங்கள். உச்சியில் எந்த எண் நிற்கிறதோ அந்த மாதத்தோடு காலாவதி. 12ஐ ஒட்டிய பகுதி மட்டும் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே போலீஸ்காரர் தூரத்திலிருந்து மாதத்தைக் கணித்துவிடுவார். வருடத்துக்கு ஒரு நிறம்: 2026க்கு நீலம், 2027க்கு மஞ்சள். கார் பார்க்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன் பின்னால் போய் இந்த ஸ்டிக்கரைப் பாருங்கள். "டியூஃப் அடுத்த மாதம்தான், சும்மா போய் எடுத்துவிடலாம்" என்று விற்பவர் சொன்னால், அவரே ஏன் எடுத்துவிட்டு விற்கவில்லை என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது வரி. தமிழ்நாட்டில் கார் வாங்கும்போதே ஆயுள் வரி கட்டி முடித்துவிடுகிறோம். இங்கே வருடா வருடம். வசூலிப்பது சுங்கத்துறை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாமல் பதிவு நடக்காது. பழைய வாகன வரி பாக்கி இருந்தாலும் நடக்காது. தொகை எஞ்சின் அளவையும் புகையில் வரும் கரியமில வாயுவையும் பொறுத்தது. 2016இல் முதல் பதிவான, 1,197 சி.சி. பெட்ரோல் கார், கிலோமீட்டருக்கு 115 கிராம் என்று வைப்போம். ஒவ்வொரு 100 சி.சி.க்கும் 2 யூரோ; மிச்சத்தையும் முழு நூறாக எண்ணினால் 12 × 2 = 24. 95 கிராமுக்கு மேல் இருக்கும் 20 கிராமுக்குத் தலா 2 யூரோ வீதம் 40. ஆக வருடத்துக்கு 64 யூரோ. டீசலுக்கு 100 சி.சி.க்கு 9.50 யூரோ என்பதால் கணக்கு சட்டென்று ஏறிவிடும். 2021 முதல் பதிவான கார்களுக்கு வாயு விகிதம் படிப்படியாகக் கூடும்.

சுருக்கமாக: பாஸ்போர்ட், முகவரிச் சான்று, ஷைன், பிரீஃப், இ.வி.பி. எண், சோதனை அறிக்கை, வரி ஒப்புதல். பையில் இவை இருந்தால் கிளம்பலாம்.

## அலுவலகத்தில் நடப்பது

பதிவு அலுவலகத்தின் பெயர் சூலாசுங்ஸ்டெல்லே. பல ஊர்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கவுன்டரில் காகிதங்களைச் சரிபார்த்து உங்களுக்கு ஓர் எண் ஒதுக்குவார்கள். முதல் எழுத்துகள் ஊரைச் சொல்லும்: மியூனிக்குக்கு எம், பெர்லினுக்கு பி. பிடித்த எண் வேண்டுமானால் 10.20 யூரோ கூடுதல்.

பிளேட்டை அரசு தராது. எண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அலுவலக வாசலை ஒட்டியே பிளேட் அடிக்கும் கடைகள் வரிசையாக இருக்கும். சில நிமிடங்களில் அலுமினியத் தகட்டில் அழுத்திக் கையில் கொடுத்துவிடுவார்கள். விலை கடைக்குக் கடை மாறும், எனவே முதல் கடையிலேயே நின்றுவிடாதீர்கள். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் இன்னும் மலிவு. தகட்டோடு மறுபடி உள்ளே போனால் அரசு முத்திரையையும் சோதனை ஸ்டிக்கரையும் ஒட்டித் தருவார்கள். முத்திரை ஒட்டாத தகடு வெறும் தகடுதான்.

இதையெல்லாம் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் முடிக்கும் வசதியும் உண்டு. நம் விசா அட்டையில் மின்னணு அடையாள வசதி இருக்கிறது; அதை இயக்கி பின் நம்பரும் வைத்திருந்தால் வெளிநாட்டவரும் பயன்படுத்தலாம். முத்திரைக்கு அடியிலும் ஷைனிலும் மறைந்திருக்கும் ரகசியக் குறியீடுகள் இதற்கானவை. தேவையில்லாமல் சுரண்டிப் பார்க்காதீர்கள், முத்திரையைச் சுரண்டினால் தகடு செல்லாததாகிவிடும்.

## வீடு மாறினால், நாடு திரும்பினால்

வேறு மாவட்டத்துக்குக் குடிபோனால் காரின் முகவரியையும் மாற்ற வேண்டும். 2015 முதல் பழைய பிளேட்டையே வைத்துக்கொள்ளலாம் என்பதால் எம் எழுத்தோடு பெர்லினில் ஓடுகிற கார்களைப் பார்க்கலாம்.

நாடு திரும்புகிறவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சொந்த முகவரிப் பதிவை ரத்து செய்துவிட்டு விமானம் ஏறுவார்கள். காரை நண்பர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, "நல்ல விலை வந்தால் விற்றுவிடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆள் முகவரியை ரத்து செய்வது வேறு, கார் பதிவை ரத்து செய்வது வேறு. கார் பதிவு இருக்கும்வரை வரியும் பிரீமியமும் ஓடிக்கொண்டே இருக்கும். வங்கிக் கணக்கை மூடியிருந்தால் பிரீமியம் போய்ச் சேராது. நிறுவனம் காப்பீட்டை முறித்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்கும். அலுவலகம் வண்டியைக் கட்டாயமாக முடக்கி, அதற்கான கட்டணத்தையும் ஹால்டர் பெயரிலேயே எழுதும். விற்க நேரமில்லை என்றால் பிளேட்டையும் ஷைனையும் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவை ரத்து செய்துவிட்டு, காரைத் தனியார் இடத்தில் நிறுத்தி, நண்பருக்கு விற்பனை அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். முத்திரை இல்லாத காரைப் பொதுத் தெருவில் விட்டால் நகராட்சி இழுத்துக்கொண்டு போய்விடும்.